இரும்புக்கும் இனிஷியல் உண்டு

அத்தியாயம் ஐந்து

மெக்கானிக் லாக்கப் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் உள்ளே போனபோதும் அந்தச் சுவரைத்தான் பார்த்தான், வெளியே வரும்போதும் அதையேதான். நடுவில் சர்வேயர் சார் கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் கிடைத்தது. "தண்ணி வேணும்" என்றான்.

"குடிக்கிறதுக்குத் திறக்குற வாயைப் பேசவும் திறக்கலாம்ல?" என்றேன். அதற்கும் சுவர்தான்.

சர்வேயர் சார் என் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர், வண்டிகளைவிட மனிதர்கள் மோசமாக நொறுங்குகிறார்கள் என்று கண்டுகொண்டு துப்பறியும் தொழிலுக்கு வந்தார். நான் அவருடைய உதவியாளன். நான் வாயைத் திறந்தால் யாருடைய காற்றாவது இறங்கிவிடும் என்பதால் எனக்குப் பஞ்சர் என்று பட்டப்பெயர். அன்று காலை எல்லோருடைய காற்றும் ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது.

விஷயம் இதுதான். பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேர்த்துவைத்து மியூசியம் நடத்தும் ஒரு முதலாளியின் கொட்டகையிலிருந்து, 'மரங்கொத்தி' என்ற வண்டி காணாமல் போய்விட்டது. மரங்கொத்தி கம்பெனி சில வருஷங்களே ஓடி மூடப்பட்டது. இருப்பது இந்த ஒரு வண்டிதான் என்று பேச்சு. கொட்டகையின் இன்னொரு சாவி மெக்கானிக்கிடம் இருந்தது, வாராவாரம் போய் எல்லா வண்டிகளையும் ஒருமுறை ஓடவிட்டு வருவது அவன் வேலை. பூட்டு உடையவில்லை. ஆகவே மெக்கானிக்.

போதாக்குறைக்கு அவன் பட்டறை மேஜையில் ஒரு எஞ்சின் அகப்பட்டது. எஸ்.ஐ. அதைத் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, காலால் தொட்டுத் தொட்டுப் பேசினார். காணாமல் போன வண்டியின் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார். போட்டோவில் எஞ்சின்மேல் டி.எம். என்று இரண்டு எழுத்துகள் தெரிந்தன, அதற்குப் பின்னால் வரும் நம்பரைப் புகைக்குழாய் மறைத்திருந்தது. மேஜைக்கு அடியில் இருந்த எஞ்சினிலும் டி.எம்.தான். நம்பரைத் துரு தின்றிருந்தது.

"ரெண்டுலயும் டி.எம். இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார் எஸ்.ஐ. மத்தியானம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறாராம். அதற்குப் பிறகு ஜாமீன் அது இது என்று இழுக்கும் என்பதை ரொம்ப அக்கறையாக விளக்கினார்.

வெளியே மரத்தடியில் மெக்கானிக்கின் அக்கா நின்றிருந்தாள். எங்களை அமர்த்தியது அவள்தான். தம்பியின் பட்டறையிலேயே ஒரு பக்கம் தையல் மெஷின் போட்டு, வண்டிகளுக்கு சீட் தைத்துக் கொடுப்பவள். கட்டை விரல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தது. தம்பி மனைவிக்கு இது நிறைமாதம். பிள்ளை பிறக்கும் நேரத்தில் அப்பன் ஜெயிலில் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் அவள் கேட்டது.

"ஏதாவது சொன்னானா சார்?"

"தண்ணி கேட்டாரு" என்றார் சர்வேயர் சார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷனை முறைத்தாள். "எடுக்கலைன்னா எடுக்கலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. இவனுக்காக நான் ஊரெல்லாம் அலையறேன், இவன் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்."

எங்களுக்கும் அதே கடுப்புதான். குற்றம் செய்தவன் வாயை மூடிக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. செய்யாதவன் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

மியூசியத்துக்குப் போனோம். திருடனின் அக்காவை உள்ளே விட முடியாது என்று மியூசியம் முதலாளி சொல்லிவிட்டதால் அவள் கேட்டுக்கு வெளியே மொபெட்டில் உட்கார்ந்துகொண்டாள். முதலாளி இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். வண்டிகள் வரிசையாக நின்றன. டேங்க்கில் கழுகு, புறா, சேவல், மறுபடி சேவல். நடுவில் ஒரு காலி மேடை, அதன் முன்னால் 'மரங்கொத்தி' என்று பித்தளைப் பலகை. நான் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு சேவல் வண்டியின் சீட்டில் வைத்தேன். முதலாளி பதறிப்போய் அதை எடுத்து என் கையிலேயே திணித்தார்.

"அது வண்டி இல்ல சார், உயிர்" என்று காலி மேடையைத் தடவினார். "ஒரே உதை. ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும். இத்தனை வருஷமாகியும் அப்படி ஒரு எஞ்சின்." மரங்கொத்தி கம்பெனி நடத்தியவரின் மகளே அந்த வண்டியைப் பார்க்க இன்று வருகிறாராம். அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கைக்குட்டை நனையவே இல்லை.

எங்களிடம் இருந்த ஒரே துப்பு அந்த டி.எம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழங்கதை தெரிய வேண்டும். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் கம்பெனி ஆரம்பிக்க எஞ்சின் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொட்டகை, குழாய் வளைக்கத் தெரிந்த ஒரு ஆள், பெயிண்ட் அடிக்கத் தெரிந்த ஒரு மச்சான், இவ்வளவு போதும். எஞ்சினை ஒரு பெரிய ஃபாக்டரி மரப்பெட்டியில் போட்டு அனுப்பிவிடும். சக்கரம் ஒரு இடத்தில், விளக்கு ஒரு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். டேங்க்கில் ஒரு பறவையை வரைந்துவிட்டால் கம்பெனி தயார். சேவலும் புறாவும் கழுகும் மரங்கொத்தியும் அப்படி வந்தவைதான். டேங்க்கைக் கழற்றினால் பெற்றவனே அடையாளம் சொல்ல முடியாது.

ஆகவே சர்வேயர் சாரின் திட்டம் சுலபமானது. அந்த ஃபாக்டரி எஞ்சின் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் டி.எம். என்று இருந்தால், எஸ்.ஐ.யின் சாட்சியம் காலி. எஞ்சின்கள் எங்கே இருக்கின்றன என்று அக்காவுக்குத் தெரியும், எல்லாம் தம்பி ரிப்பேர் பார்த்தவை. அவள் மொபெட்டில் முன்னால் போனாள். நானும் சாரும் என் ஸ்கூட்டரில் பின்னால் போனோம்.

முதலில் விளையாட்டு மைதானம். அங்கே புல் வெட்டும் இயந்திரத்தில் அதே எஞ்சின் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. சார் மண்டியிட்டு அழுக்கைத் துடைத்துப் பார்த்தார். ஜி.கே. என்று இருந்தது.

அடுத்தது ஒரு நாற்றுப் பண்ணை. தண்ணீர் இறைக்கும் பம்ப்பில் அதே எஞ்சின். எழுத்து மட்டும் ஆர்.எல்.

"சபாஷ்" என்றேன். "இன்னும் நாலு இடம் பாத்தோம்னா எஸ்.ஐ. சொன்னதுதான் சரின்னு நாமளே நிரூபிச்சிடலாம். பேசாம ஃபீஸை அவர்கிட்ட வாங்கிக்கலாம் சார்."

ஈரமண்ணில் மண்டியிட்டதால் சாரின் பேன்ட் முட்டிகள் இரண்டும் கறுத்திருந்தன. எழுத்து எஞ்சினுக்கு எஞ்சின் மாறினால் மெக்கானிக் தொலைந்தான். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் மொபெட்டை உதைத்தாள்.

கடைசி நம்பிக்கை ஒரு போட்டோகிராபர். அவரிடம் சேவல் வண்டி ஒன்று இருந்தது. ஸ்டுடியோவில் குழந்தைகளை அதன்மேல் உட்காரவைத்துப் படம் எடுப்பார். சார் அடியில் ஊர்ந்து பார்த்தார்.

"டி.எம்." என்றார். குரலில் உயிர் வந்திருந்தது.

தன்னுடைய தம்பியிடமும் ஒரு சேவல் இருக்கிறது என்றார் போட்டோகிராபர். ஓடினோம். அதிலும் டி.எம்.

சார் நடு ரோட்டில் நின்று தலையைப் பிய்த்துக்கொண்டார். புல் வெட்டும் இயந்திரத்தில் ஒன்று, பம்ப்பில் இன்னொன்று, இரண்டு சேவலிலும் ஒன்றே. ஒரே ஃபாக்டரியின் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி ஆளுக்கொரு எழுத்து?

எனக்குப் பசி. பசி வந்தால் என் வாய் இன்னும் மோசம். "இதுல என்ன சார் இருக்கு? இனிஷியல். பெத்தது ஃபாக்டரியா இருக்கலாம், எந்த வீட்டுக்கு அனுப்புறாங்களோ அந்த அப்பன் பேருதானே வரும். சேவல் ரெண்டும் அண்ணன் தம்பி. புல்லு வெட்டுறவன் பக்கத்து வீட்டுப் பையன்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்த பிடியில் சட்டைத் தையல் விட்டுப் போயிற்று.

"பஞ்சர், நீ உளர்றப்போதான்யா உருப்படியா பேசுற. வாங்குற கம்பெனிக்கு ஒரு இனிஷியல் போட்டு அனுப்பியிருக்கான். டி.எம்.னா சேவல் கம்பெனி. அப்ப பட்டறையில கெடைச்சது ஏதோ ஒரு சேவலோட எஞ்சின், அவ்வளவுதான்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் சாரின் முகம் அதற்குள் மாறிவிட்டது. போட்டோவில் இருந்த மரங்கொத்தியிலும் டி.எம்.தான். மரங்கொத்திக்கு எப்படி சேவல் வீட்டு இனிஷியல் வந்தது?

மரங்கொத்தி வீட்டு இனிஷியல் என்ன என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அந்த அம்மாளின் நம்பர் அக்காவிடம் இருந்தது. அப்பா வண்டிக்கு உயிர் கொடுத்தவரிடம் பேச வேண்டும் என்று போன வாரம் அவர் பட்டறைக்கு போன் செய்தாராம். தம்பி அன்றைக்கும் பேசாமல் எழுந்து போய்விட்டானாம்.

அம்மாள் டாக்ஸியில் வந்துகொண்டிருந்தார். சார் கேட்டதும் சிரித்தார். எஞ்சின் பெட்டியைத் திறந்தால் எஸ்.பி. என்று அடித்திருக்குமாம். அப்பாவின் பட்டறையில் எல்லோரும் அதற்கு 'சோம்பேறி' என்று விரிவாக்கம் சொல்வார்களாம். "பேருக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும். எங்கப்பா மலிவா ஒரு கார்புரேட்டர் வாங்கி மாட்டிட்டாரு. கால் வலிக்க வலிக்க உதைச்சாத்தான் முழிக்கும்."

"மியூசியத்துல இருந்தது ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுமாம்மா."

"அப்ப அது எங்க வண்டி இல்லையே" என்றார் அம்மாள்.

சார் உடனே எஸ்.ஐ.க்கு போன் போட்டார். ஜீப் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தது. "சார், மியூசியத்துல எஸ்.பி. இருக்கணும், ஆனா" என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

"எஸ்.பி.யா? மியூசியத்துலயா?" என்று அலறல் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் எங்களுக்கு முன்பே அங்கே நின்றது. எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்து, பெல்ட்டை இறுக்கி, கொட்டகை வாசலில் விறைப்பாக நின்றிருந்தார். ஜீப்பின் பின் சீட்டில் மெக்கானிக் கைவிலங்கோடு, இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எஸ்.பி. எங்கே?" என்றார் எஸ்.ஐ.

"இல்லைங்கிறதுதான் சார் பிரச்சினை" என்றேன். என்னை அடிக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

சார் நிதானமாக விளக்கினார். மியூசியத்தில் இருந்தது மரங்கொத்தியே இல்லை. சேவல் வண்டிக்கு மரங்கொத்தி டேங்க்கை மாட்டியிருக்கிறார்கள். கம்பெனிக்காரரின் மகள் நேரில் வந்தால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் வண்டி காணாமல் போயிருக்கிறது. எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"சரி, போலி. போலி வண்டியத் திருடினாலும் திருட்டுத்தானே. வண்டி எங்கே?"

முதலாளி மெல்லிய புன்னகையோடு கைகளைக் கட்டிக்கொண்டார். இத்தனை நேரம் அலைந்து, மண்ணில் புரண்டு, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம். எனக்கு யாரையாவது உதைக்க வேண்டும்போல் இருந்தது.

இந்தக் களேபரத்தில் அக்கா உள்ளே வந்துவிட்டதை யாரும் தடுக்கவில்லை. வண்டிகளுக்கு நடுவே வந்தவள் ஒரு சேவல் வண்டியின் சீட்டில் கை வைத்தாள். காலையில் நான் ஹெல்மெட் வைத்த அதே வண்டி. கையை எடுக்கவில்லை. ஓரத்தை விரலால் நிமிண்டினாள், குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள். அவள் முகம் முதலில் மலர்ந்தது. அடுத்த மூச்சில் அப்படியே அணைந்துபோயிற்று.

சார் அவளைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார். "வண்டி எங்கேயும் போகலைய்யா. டேங்க்கை மட்டும் கழட்டிட்டு மறுபடி சேவலைப் பூட்டி வரிசையில நிறுத்திட்டான்."

முதலாளியின் புன்னகை குறையவில்லை. "எப்படிச் சொல்றீங்க? எஞ்சின்ல டி.எம். இருக்குன்னா? எல்லா சேவலுக்கும் அதே இனிஷியல்தான்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க."

நாங்கள் காலையிலிருந்து பாடுபட்டுக் கண்டுபிடித்ததை எடுத்து எங்கள் தலையிலேயே போட்டார் மனிதர். கண்ணெதிரே வண்டி நிற்கிறது, அதுதான் என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

அக்காவிடம் இருந்தது. அவள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வழக்கு தொடங்கியதிலிருந்து முதல்முறையாக மெக்கானிக் ஒரு மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வண்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும்.

முதலாளியும் அந்தத் தலையாட்டலைக் கவனித்துவிட்டார். அக்காவின் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "யோசிச்சுப் பேசும்மா. மரங்கொத்தியை உயிர்ப்பிச்சவன்னுதான் உன் தம்பிகிட்ட வண்டி வருது. பட்டறை போர்டுலயே அந்தப் படம்தான். நீ வாயைத் திறந்ததுக்கப்புறம் எவன் அவன்கிட்ட வண்டி விடுவான்?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"எஸ்.ஐ. சார், இது நான் தெச்ச சீட்டு" என்றாள். "ஓரத்துல ரெட்டைத் தையல் போட்டு, முடிச்சை உள்பக்கமா இழுத்து விட்டிருக்கேன். வேற யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க. மரங்கொத்திக்குன்னு சொல்லி என் தம்பிதான் தைக்கச் சொன்னான். சேவலை மரங்கொத்தியா மாத்துனதும் அவன்தான். திருடல. இதைத்தான் செஞ்சான்."

எஸ்.ஐ. சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அலுவலக அறையைத் திறக்கச் சொன்னார். பீரோவுக்குப் பின்னால், கம்பளியில் சுற்றி, மரங்கொத்தி டேங்க் இருந்தது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு காட்சிப் பொருளாகத்தான் செய்யச் சொன்னதாகவும், பார்க்க வந்தவர்கள் அசல் என்று பேசிக்கொண்டதை மறுக்காமல் விட்டது மட்டுமே தன் தப்பு என்றும் குளறினார். ஜீப்பில் ஏறும்போதுதான் வெள்ளைச் சட்டை கசங்கியது.

மெக்கானிக்குக் கைவிலங்கைக் கழற்றினார்கள். ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் எஸ்.ஐ. அக்கா தம்பியின் கையைப் பிடிக்கப் போனாள். அவன் விலக்கிக்கொண்டான்.

"திருடன்னு சொல்லியிருந்தா நாளைக்கே இல்லைன்னு ஆயிருக்கும்கா. போலி வண்டி செஞ்சவன்கிற பேரு போகாது. என்னை முடிச்சுட்டே."

ஜெயித்த கட்சி நாங்கள்தான், ஆனால் யார் முகத்திலும் ஜெயித்த களை இல்லை. சார் தன் கறுத்த முட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்ஸி வந்து நின்றது. வெள்ளை முடியை இறுக்கக் கொண்டை போட்ட ஒரு அம்மாள் இறங்கினார். மேஜைமேல் வைத்திருந்த டேங்க்கை நோக்கி நேராக வந்து, அதன் வளைவில் கை வைத்தார். எஸ்.ஐ., சர்வேயர் சாரைப் பார்த்தார், சார் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் மெக்கானிக் அவளைத் தாண்டிப் போய் நின்றான்.

"டேங்க் மட்டும்தாம்மா உங்க அப்பாவோடது. பழைய இரும்புக் கடையில கெடைச்சுது. மத்தது சேவல் வண்டி. நான்தான் செஞ்சேன்."

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையில் நின்ற வண்டியையும் பார்த்தார். அதன் சக்கரம், குழாய், விளக்கு எல்லாவற்றையும் எரிச்சலோடு, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கேன்" என்றார். "எங்கப்பாவும் ஊரான் எஞ்சினைத்தான் வாங்கி மாட்டினாரு. சக்கரம்கூட அவர் செஞ்சது இல்ல. ஆனா டேங்க்ல தான் வெச்ச பேரைத்தான் எழுதினாரு. ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுற மாதிரி ஒரு வண்டியப் பண்ணிட்டு, நீ ஏம்பா உன் பேரை எழுதலை?"

இந்த முறை மெக்கானிக் சுவரையோ தரையையோ பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.